பந்தல் பிரித்த பிறகு: துக்கம் நடந்த வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் முதல் பதினாறு நாளும் என்ன செய்வது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் கொள்ளி வைப்பது, யார் கோடி போடுவது, கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று எடுத்துச் சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். பதினேழாம் நாள் காலையில் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி, வாடகைப் பாத்திரங்களை எண்ணிக் கொடுத்து, பந்தல் பிரித்த பிறகுதான் பல வீடுகளில் துக்கமே தொடங்குகிறது.

ஆலோசனை கேட்டு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் அதற்கும் சில மாதங்கள் கழித்தே வருகின்றன. அப்போது அவர்கள் முதலில் பேசுவது இறந்தவரைப் பற்றி அல்ல. "அப்பா போனதுக்கு இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை." "அம்மா எந்நேரமும் போட்டோவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, வீட்டுக்குள்ள நுழையவே பயமா இருக்கு." "நாலு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள கல்யாணத்துக்குப் போகணுமாம்." இப்படி ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் வருத்தம்தான் முதலில் வெளியே வரும்.

இறந்தவர் ஒருவர்தான். ஆனால் அந்த வீட்டில் ஆளுக்கொரு இழப்பு. மனைவி இழந்தது முப்பது வருடத் துணையை. மகன் இழந்தது, சண்டை போட்டுப் பேசாமல் இருந்து, சமாதானம் ஆகலாம் என்று நினைத்திருந்த அப்பாவை. வயதான தாய் இழந்தது தனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளையை. மருமகள் இழந்தது அந்த வீட்டில் தன் பக்கம் பேசிய ஒரே ஆளை. இந்த நான்கு பேரும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் துக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் குடும்பத்தில் விரிசல் விழுகிறது.

அழாதவருக்குத் துக்கம் இல்லையா?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றை எழுதியது, தீராத நோயோடு தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். பிற்பாடு அது உறவை இழந்தவர்களுக்கும் பொதுவான படிக்கட்டு போலப் பரவிவிட்டது. "நான் இன்னும் கோபத்துலயே நிக்கிறேன், ஏற்பு வரவே இல்லை" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இழந்தவரின் மனம் அப்படி வரிசையாக ஏறிப் போவதில்லை. அந்தப் பட்டியலை வைத்து உங்களையோ மற்றவரையோ அளக்காதீர்கள்.

நடைமுறைக்கு உதவும் விளக்கம் வேறு ஒன்று உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்கட்டும் 1999-ல் முன்வைத்தது. இழந்தவரின் மனம் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறது என்றார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், பழைய நினைவு. இன்னொரு பக்கம் வாழ்க்கை: கேஸ் புக் செய்வது, பள்ளிக் கட்டணம், ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பது. காலையில் அழுதவர் மத்தியானம் சிரிப்பது அந்தப் போக்குவரத்து சரியாக நடப்பதன் அறிகுறி. ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வதுதான் கவலைக்குரியது. எந்நேரமும் அழுகையில் இருப்பதும் சிக்கல், இறந்தவரின் பெயரையே எடுக்காமல் வேலை வேலை என்று ஓடுவதும் சிக்கல்.

குடும்பத்தில் பெரும்பாலும் ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் எதிர்ப் பக்கமும் நிற்பார்கள். குழந்தையை இழந்த தம்பதியிடம் இது மிகத் தெளிவாகத் தெரியும். அவள் பேசிப் பேசி அழுவாள். அவன் நான்காம் நாள் வேலைக்குப் போய்விடுவான். அவளுக்கு அவன் கல்நெஞ்சுக்காரன். அவனுக்கோ, தானும் உடைந்தால் வீட்டைத் தாங்க யார் என்ற பயம். இதற்கு நாங்கள் சொல்லும் வழி எளியது. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், இருவரும் உட்கார்ந்து குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவது. ஒருவர் பேசும்போது மற்றவர் ஆறுதல் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, கேட்டால் போதும். நேரம் முடிந்ததும் சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும்: காய் நறுக்குவது, தெருமுனை வரை நடப்பது. பேச்சுக்கு ஒரு முடிவு நேரம் உண்டு என்று தெரிந்தால் பேசாதவருக்குப் பயம் குறையும். பேசுபவருக்கும் தனக்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்று மனம் கொஞ்சம் அடங்கும்.

உடம்பை விட்டுவிடாதீர்கள்

துக்க வீட்டில் இன்னொரு உயிர் போவது தற்செயல் என்றே ஊரில் பேசுவார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த சுமார் 2,000 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து வழக்கத்தைவிட ஏறத்தாழ 21 மடங்கு இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது படிப்படியாகக் குறைந்தது. அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றுகின்றன. அதோடு தூக்கமில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, வழக்கமான மாத்திரையும் நின்றுவிடுகிறது. கடைசி மூன்றையும் வீட்டில் உள்ளவர்களே தடுக்கலாம்.

துக்கம் நடந்த அன்றே, நேரடித் துக்கத்தில் இல்லாத ஒருவரிடம், எதிர்வீட்டுக்காரரோ தூரத்து மருமகனோ, ஒரே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: யார் யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, கையில் கொடுத்து, விழுங்கும் வரை நிற்பது. பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை எதுவும் ஒரு வேளையும் தவறக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. எடுக்கும் வரை அடுப்பு மூட்டக் கூடாது என்ற வழக்கத்தால் பலர் மாலை வரை பட்டினி. காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, மயக்கம் வரும். சாதாரண நாளில் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். துக்க வீட்டில் "அழுது அழுது மயங்கிட்டாங்க" என்று தண்ணீர் தெளித்து விசிறுவார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றாலும் சந்தேகத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதில் தவறில்லை. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். கஞ்சி, மோர், பால் ஆகியவற்றைப் பக்கத்து வீட்டில் செய்து கொண்டுவந்தால் எந்தச் சாஸ்திரமும் கெட்டுவிடாது.

தூக்கம் வராமல் போவது முதல் சில வாரங்களில் இயல்பு. அதற்காக யார் வீட்டிலோ இருக்கும் அல்பிரஸோலம் போன்ற மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைப்பது நல்லதல்ல. இந்த வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழவும் அவை காரணமாகும். உண்மையிலேயே தேவைப்பட்டால் மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் எழுதித் தருவார். ஆண்களின் குடியையும் கவனியுங்கள். இழவு வீட்டில் குடிப்பதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கருமாதிக்குப் பிறகும் தினமும் தொடர்ந்தால் அதைத் துக்கம் என்று விட்டுவிட முடியாது.

குழந்தைகளிடம் சொல்வது

பெரியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அன்பினால்தான் பொய் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு விளைவு உண்டு. "தாத்தா தூங்குறாரு" என்று கேட்ட குழந்தை படுக்கப் பயப்படும், அம்மா கண் மூடினால் தட்டி எழுப்பும். "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்றால் வாசலில் காத்திருக்கும், பிறகு என்னிடம் சொல்லாமல் போனாரே என்று கோபப்படும். "நல்லவங்கள சாமி கூப்பிட்டுக்கும்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயம் வரும். "காய்ச்சல் வந்து போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை தனக்குக் காய்ச்சல் வரும்போது அலறும்.

ஐந்து வயதுக்குக் கீழே, இறந்தவர் திரும்பி வருவார் என்றே குழந்தை நினைக்கும். ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பது அதனால்தான். ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள், திரும்ப வர மாட்டார் என்பது மெல்லப் புரிகிறது. ஆனால் தன் எண்ணமோ கோபமோ அதற்குக் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் வயது அது. பத்து வயதுக்கு மேல் ஏறத்தாழப் பெரியவர்களைப் போலவே புரியும். அதை வெளியே காட்டாமல் இருக்கவும் அந்த வயதில் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அப்பா இறந்துட்டாரு. இதயம் நின்னுபோச்சு. இனி அவருக்கு மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாரு. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. உனக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை." முடிந்தவரை உயிரோடு இருக்கும் பெற்றோரே சொல்வது நல்லது. அவரால் முடியாத நிலையில் குழந்தைக்கு நெருக்கமான சித்தியோ மாமாவோ சொல்லலாம். சொர்க்கம், சாமி, மறுமை என்ற உங்கள் நம்பிக்கையைத் தாராளமாகச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் "இறந்துட்டாரு" என்ற சொல்லை விழுங்கிவிட்டு அதைச் சொல்லாதீர்கள்.

குழந்தை கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதன் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். என்னால்தான் இப்படி ஆச்சா? உனக்கும் இப்படி ஆகுமா? இனி என்னை யார் பார்த்துப்பாங்க? மூன்றுக்கும் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். இரண்டாவதற்கு "எனக்கு எப்பவுமே ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்ய வேண்டாம். "நான் உடம்பை நல்லா பார்த்துக்கறேன், ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன்னு நம்பறேன்" என்பது போதும். மூன்றாவதற்குப் பெயர் சொல்லுங்கள்: பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார், சோறு யார் ஊட்டுவார், இரவில் யார் பக்கத்தில் படுப்பார்.

சடங்குகளில் குழந்தையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கட்டாயப்படுத்தவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். என்ன பார்க்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பார், தொட்டால் சில்லென்று இருக்கும், எல்லோரும் சத்தமாக அழுவார்கள், பறை அடிப்பார்கள், பட்டாசு வெடிக்கும். பிறகு வர விருப்பமா என்று கேளுங்கள். வந்தால், நேரடித் துக்கத்தில் இல்லாத ஒரு பெரியவர் அந்தக் குழந்தையோடு மட்டும் இருக்க வேண்டும். போதும் என்று குழந்தை சொன்ன நிமிடமே வெளியே அழைத்துப் போவதுதான் அவர் வேலை.

கொள்ளி வைக்கும் மூத்த மகனுக்குச் சில வீடுகளில் வயது பன்னிரண்டுதான் இருக்கும். மொட்டை அடித்து, ஈரத் துண்டோடு நிற்கும் அந்தப் பிள்ளையிடம் வருகிறவர்கள் எல்லாம் தோளில் தட்டி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவை, தங்கச்சியைப் பார்த்துக்கணும்" என்கிறார்கள். அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிடுகிறார்கள். விளையாடப் போவதைக் குற்றமாக நினைக்கிறார்கள். இரவு அம்மா அழும்போது தூங்காமல் விழித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகத் தாய்மாமனோ சித்தப்பாவோ எல்லோர் முன்னாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: "வீட்டைப் பார்த்துக்கப் பெரியவங்க நாங்க இருக்கோம். நீ எப்பவும்போல படி, விளையாடு." பெண் குழந்தை என்றால் அடுப்படிப் பொறுப்பு அப்படியே அவள் தலையில் இறங்கும். அதையும் பாருங்கள்.

பள்ளிக்கு ஒரு வாரம், பத்து நாளில் அனுப்பிவிடலாம். முதல் நாளுக்கு முன்பே வகுப்பு ஆசிரியரிடம் பேசி, மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது, அழுகை வந்தால் எங்கே போய் உட்காருவது என்று முடிவு செய்துவிடுங்கள். படுக்கையை நனைப்பது, காரணம் தெரியாத வயிற்று வலி, ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் சில வாரங்களுக்கு வரும், போகும். மாதக்கணக்கில் நீடித்தால், அல்லது "நானும் அப்பாகிட்ட போறேன்" என்று சொன்னால், ஆலோசனை தேவை.

கணவனை இழந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

பூ, பொட்டு, வளையல், தாலி எடுக்கும் சடங்கு எந்த நாளில், எப்படி நடக்கும் என்பது சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். ஆனால் பெரும்பாலான வீடுகளில், சம்பந்தப்பட்ட பெண்ணைத் தவிர எல்லோரும் அதைப் பற்றிப் பேசி முடிவு செய்கிறார்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பு, அவர் நம்பும் ஒரு பெண் தனியறையில் கேட்க வேண்டும்: "இது உனக்கு வேணுமா? எதைச் செய்யலாம், எதை வேண்டாம்னு சொல்லணும்?" சிலர் முழுதாகச் செய்ய விரும்புவார்கள். அதுவே அவர்களுக்கு விடைகொடுக்கும் வழி. சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். சிலர், தாலியை நானே கழற்றி அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன் என்பார்கள். அவர் சொன்னதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லும் வேலையை ஒரு மூத்தவர் ஏற்க வேண்டும். வலுக்கட்டாயமாக நடந்த அந்தச் சில நிமிடங்கள் கணவரின் மரணத்தைவிட அதிகமாகக் கனவில் வருகின்றன என்று சொல்லும் பெண்கள் உண்டு.

வயதான தாய் தந்தையரை இன்னும் எளிதாக மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்தால் துக்கம் விசாரிப்பதெல்லாம் மருமகளிடமும் பேரப் பிள்ளைகளிடமும்தான். புத்திர சோகத்தோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் "நீ சாப்பிட்டியா ஆத்தா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவரிடம் மகனின் சின்ன வயதைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கதைகள் அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன. மறதி நோய் உள்ள பெரியவர் "அவன் எங்கே" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் ஓரிரு முறை உண்மையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய செய்தியாக இறங்கினால், பிறகு "அவனை நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? அவனுக்கு என்ன சமைச்சுக் கொடுப்பீங்க?" என்று அந்த நினைவோடு பேசுங்கள்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையை இழந்த தாய்க்கு, பிரசவமான இரண்டு முதல் நான்கு நாளில் பால் சுரக்கும். இதை முன்கூட்டி யாரும் சொல்லாததால், அந்தக் காலையில் நொறுங்கிப் போகிறவர்கள் பலர். மருத்துவமனையை விட்டு வருமுன்பே பால் சுரப்பை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கு மாத்திரை உண்டு. தாங்கும் அளவுக்கு இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம் வலியைக் குறைக்கும். குழந்தையைப் பார்க்க வேண்டுமா, ஒரு முறை கையில் வாங்க வேண்டுமா என்று தாயையும் தகப்பனையும் கேட்காமல் அடக்கம் செய்துவிடாதீர்கள். "அடுத்த வருஷமே ஒண்ணு பொறந்துடும்" என்ற ஆறுதல் அவர்களுக்கு ஆறுதலாகக் கேட்பதில்லை.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

"எப்படி ஆச்சு?" என்ற கேள்விக்கு இறந்தவரின் மனைவி ஒரே நாளில் ஐம்பது முறை முழுக்கதையும் சொல்ல வேண்டி வருகிறது. அதற்கென ஒருவர் வாசலில் இருந்து, வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி உள்ளே அனுப்பலாம். பேச விரும்புகிறவர் தானாகப் பேசுவார். நடந்த நாட்களிலேயே உட்கார வைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று வற்புறுத்துவதால் பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒப்பாரி வைத்து அழ நினைப்பவரை, அடுக்குமாடிக் குடியிருப்பு, பக்கத்து வீடு என்று அடக்கவும் வேண்டாம்.

நல்ல சாவு, வயசாயிடுச்சு, இன்னொரு பிள்ளை இருக்கே, காலம் ஆத்திடும். இவை எல்லாம் சொல்பவருக்குத்தான் ஆறுதல். "என்ன சொல்றதுன்னு தெரியலை, உன்கூட இருக்கேன்" என்பது போதும். மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பாடு கொண்டுவருவார்கள். நீங்கள் இருபத்தைந்தாம் நாள் கொண்டுபோங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று விட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பிள்ளைங்களை நான் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேன்" என்று வேலையாகச் சொல்லுங்கள்.

காகித வேலை, கையெழுத்து

பிறப்பு இறப்புப் பதிவு 21 நாளுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. தள்ளிப்போகப் போக அனுமதியும் அலைச்சலும் கூடும். பதிந்ததும் இறப்புச் சான்றிதழில் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றும் ஆதாரோடு ஒத்துப் போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னால் வரும் பெரும்பாலான தகராறு ஓர் எழுத்துப் பிழையில் தொடங்குவதுதான். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகம் வழங்கும்.

இறந்தவரின் செல்போன் சிம்மை உடனே நிறுத்திவிடாதீர்கள். பல கணக்குகளுக்கு ஓடிபி அதில்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸாப்பில் உள்ள குரல் பதிவுகளையும் படங்களையும் முதலில் வேறிடத்தில் சேமித்துவையுங்கள். அந்தக் குரலைப் பிற்பாடு தேடுவீர்கள். வங்கிப் பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வாக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா பாருங்கள். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, இரண்டாவது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டிலும் இழப்பீடு 2 லட்சம் ரூபாய், விபத்துக் காப்பீடு விபத்து மரணத்துக்கு மட்டும். பணியில் இருந்தபோது இறந்தவருக்கு பிஎஃப் இருந்தால், பிஎஃப் தொகையோடு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

துக்கமும் சொத்தும் மோதும் இடம் இது. முதல் மூன்று மாதத்துக்குள் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), பவர், வீடு விற்பனை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றே துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வோம். ஆழ்ந்த துக்கத்தில் கவனமும் ஞாபகமும் குறையும், "என்னமோ பண்ணுங்க" என்ற மனநிலை இருக்கும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர், அவர் பெயர் இருப்பதாலேயே மற்றவர்களின் பங்கு போய்விடாது. இதை எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வக்கீலிடமிருந்து கேட்டுக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். அலுவலகங்களுக்கு மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள். "காலமானவர்" என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்லும்போது கவுண்டரிலேயே உடைந்துவிடுகிறார்கள்.

துணிமணிகளுக்கு அவசரமே இல்லை. யாரோ ஓர் உறவினர் நல்ல எண்ணத்தில், வீட்டில் இல்லாத நேரத்தில் பீரோவைக் காலி செய்வதுதான் பெரிய தவறு. அவரவருக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மற்றதை மூட்டை கட்டிப் பரணில் வைத்து, ஓராண்டு கழித்து முடிவு செய்யலாம்.

குரல் கேட்பது, உருவம் தெரிவது

"ராத்திரி வண்டி சத்தம் கேட்டுச்சு, அவர் வந்துட்டார்னு எழுந்தேன்", "கட்டில்ல பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு" என்று சொன்னதும் சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள், சில வீடுகளில் பைத்தியம் என்று பயப்படுகிறார்கள். வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் ஒரு மருத்துவர் கேட்டு 1971-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் இருந்தது. பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. பெரும்பாலும் இது ஆறுதலாகவே இருக்கும், மெல்லக் குறையும். குரல் கட்டளை இட்டால், "வா" என்று கூப்பிட்டால், அல்லது அதனால் பயந்து தூங்க முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

படத்துக்கு மாலை போடுவது, அமாவாசையில் படைப்பது, அவருக்குப் பிடித்ததைத் திவசத்தில் சமைப்பது எல்லாம் மறக்க மறுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். உறவை வேறு வடிவில் தொடர்வது பெரும்பாலோருக்கு நன்மையே தருகிறது.

உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில், காரியம் செய்வதா காத்திருப்பதா என்றே குடும்பத்துக்குள் பிளவு வந்தது. காரியம் செய்தால் தாங்களே அவரைக் கொன்றதுபோல ஒருவருக்கு. செய்யாவிட்டால் ஆன்மா அலையும் என்று இன்னொருவருக்கு. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். காத்திருப்பவரை வற்புறுத்தி முடிவுக்குக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளின் படிப்பு, வருமானம் போன்ற முடிவுகளை மட்டும் காத்திருப்பிலிருந்து பிரித்து எடுத்துச் செய்யுங்கள்.

தற்கொலையில் இழந்த குடும்பத்துக்குக் காவல் நிலைய விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் ஊர்ப் பேச்சும் சேர்ந்தே வருகின்றன. யாரால் என்று தேடுவது உடனே தொடங்கும். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. கடைசியாக நடந்த சண்டை கண்ணில் படுவதால் அதுவே காரணம் ஆகிவிடாது. குழந்தைகளிடம் மறைத்தால் தெருவில் வேறு யாரோ சொல்வார்கள். "அப்பா மனசுல தாங்க முடியாத வேதனை இருந்துச்சு, அவரே உயிரை விட்டுட்டாரு. உன்னால இல்லை, என்னாலயும் இல்லை" என்று சொல்லலாம், எப்படி என்ற விவரம் வேண்டாம். இந்த வீட்டில் மற்றவர்களின் ஆபத்தும் கூடுகிறது. காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே ஆலோசகரிடம் பேசுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 முதல் நீடித்த துக்கத்தைத் தனிக் கோளாறாக வைத்திருக்கிறது. இழந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் நாள்தோறும் ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய எண்ணமோ ஆட்டிப்படைப்பது, மரணத்தை நம்ப முடியாமல் இருப்பது, தன்னில் ஒரு பாதி போய்விட்டதாக உணர்வது, வேலையும் வீடும் நடத்த முடியாமல் போவது இதன் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. நம் குடும்பங்களில் ஓராண்டுவரை பண்டிகை கொண்டாடாமல் இருப்பது இதில் சேராது, அது வழக்கம். அதற்குள்ளும் ஒருவர் குளிக்கிறாரா, சமைக்கிறாரா, யாரிடமாவது பேசுகிறாரா என்று பாருங்கள்.

இதற்கென வடிவமைத்த பேச்சு சிகிச்சை உண்டு, வாரம் ஒன்றாக ஏறத்தாழ 16 அமர்வுகள். 395 பேரிடம் செய்து 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தபோது துக்கம் தணியவில்லை, இந்தப் பேச்சு சிகிச்சை தணித்தது. சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மாத்திரை மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்க உதவியது. அதனால் மாத்திரைச் சீட்டு மட்டும் கையில் வந்தால், ஆலோசனைக்கு யாரிடம் போவது என்றும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

சாப்பிடாமல் எடை இறங்கிக்கொண்டே போவது, தன்னால்தான் இறந்தார் என்று மாறாத குற்ற உணர்வு, பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது, "அவர்கிட்ட போயிடணும்" என்ற பேச்சு ஆகியவற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். "செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து, தூக்க மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசும். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

முதல் சந்திப்புக்கு வரும்போது, தற்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். இறந்த தேதி, கடைசியாக நல்ல தூக்கம் வந்தது எப்போது, முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தாரா, குடும்பத்தில் வேறு யாருக்காவது தற்கொலை முயற்சி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிவாருங்கள். கூடவே, வீட்டில் அழாமல் வேலை செய்துகொண்டிருக்கும் அந்த இன்னொருவரையும் அழைத்து வாருங்கள்.